நடுவரின் மூச்சு

எங்கள் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் நூற்றுப் பதினான்கு விதிகள் உள்ளன. முயல் என்ற சொல் அதில் ஒன்பது இடங்களில் வருகிறது. மற்ற இடங்களில் எல்லாம் கம்பளி.

அங்கோரா என்பது நீளக் கம்பளிக்காக வளர்க்கும் முயல். ஹார்க்கன்டேல் அங்கோரா முயல் சங்கம் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் மிகப் பழையது அல்ல. இரண்டாவது பழையது. முதல் சங்கத்தோடு நாங்கள் பேசுவதில்லை.

1974 அக்டோபரில், போட்டிக்கு மூன்று நாள் முன்னால், ஹில்டா சக்டன் நிலக்கரிக் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. விரல்கள் மட்டும் வெளியே.

அவளுடைய முயலின் பெயர் பிஷப். வெள்ளை. உட்கார்ந்தால் எது தலை, எது வால் என்று தெரியாது. பிஷப் ஏற்கெனவே இரண்டு சான்றிதழ்கள் வாங்கியிருந்தது. மூன்றாவது கிடைத்தால் சாம்பியன். கம்பளி அந்த நீளத்துக்கு வளர ஒரு வருஷம் பிடிக்கும்; வளர்ந்ததும் உதிர்ந்துவிடும். பிஷப்புக்கு ஐந்து வயது. அடுத்த கம்பளி இவ்வளவு அடர்த்தியாக வராது. அதனால் இந்தச் சனிக்கிழமை, இல்லாவிட்டால் இல்லை.

கணவன் ஆர்னால்டைக் கட்டிலருகே கூப்பிட்டாள். ஆர்னால்ட் கம்பளி ஆலையில் மூட்டை ஏற்றுபவன். ஆலையின் பேண்டு வாத்தியக் குழுவில் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுபவன். ஐந்து வருஷத்தில் அவனை அவள் ஒருமுறைகூடப் பிஷப்பைத் தொட விட்டதில்லை.

"தொடாதே," என்றாள் ஹில்டா. "தடவாதே. கொஞ்சாதே. பலகையோட தூக்கி, பலகையோட எறக்கு."

"சரி கண்ணு."

"முக்கியமா அவன் மேல மூச்சு விடாதே."

"மூச்சு விடாம எப்படி..."

"அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு விடுய்யா. உன் மூச்சு எனக்குத் தெரியும். என் பொறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி அணைச்சியே, கேக்கு எங்க போச்சு?"

கேக் அவள் அக்காவின் மடிக்குப் போயிருந்தது.

"சான்றிதழோட வந்தா கதவைத் தட்டு. இல்லாட்டி அங்கயே அந்தச் செயலாளர் முரியல் டென்பியோட குடித்தனம் பண்ணு."

சனிக்கிழமை காலை பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடியே பன்னிரண்டு மைல் போனான். இறங்கும்போது கோட்டுக் கையில் ஒரு வெள்ளை இழை ஒட்டியிருந்தது. ஹில்டாவாக இருந்தால் அதைப் பார்த்த நிமிஷமே அடுத்த பேருந்தில் திரும்பியிருப்பாள். ஆர்னால்ட் தட்டிவிட்டு நடந்தான்.

*

தேவாலயக் கூடத்தின் வாசலில் எங்கள் செயலாளர் மிஸ் முரியல் டென்பி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து பேனாக்கள். ஒரு பூதக்கண்ணாடி.

"உரிமையாளர்?"

"ஹில்டா சக்டன்."

"நீங்க ஹில்டா சக்டனா?"

"அவ புருஷன்."

"புருஷனுக்குப் படிவம் கிடையாது." அவர் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினார். "கொண்டுவருபவர்னு ஒண்ணு இருக்கு. அதுல வர்றீங்களா?"

ஆர்னால்ட் யோசித்தான். "வர்றேன்."

"வளையத்தைக் காட்டுங்க. விதி பன்னெண்டு. பின்னங்கால்ல எண் போட்ட வளையம் இருக்கணும்."

"காலைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"தொட வேண்டாம். தேடுவோம்."

கால் கிடைக்க நான்கு நிமிஷம் ஆயிற்று. மிஸ் டென்பி பூதக்கண்ணாடியை வைத்து எண்ணைப் படித்தார். பிறகு உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "கால், இருக்கிறது. பின், இடது. வளையம், இருக்கிறது."

"கால் இருக்குன்னு எழுதணுமா?" என்று கேட்டான் ஆர்னால்ட்.

"எழுதாட்டி இல்லைன்னு ஆயிடும், மிஸ்டர் சக்டன்."

பக்கத்தில் தன் முயலோடு நின்ற கிளாரிஸ் ஹேக் அவன் காதருகே குனிந்தாள். கிளாரிஸ் மீன் வறுவல் கடை வைத்திருப்பவள். பதினெட்டு வருஷமாக எங்கள் உறுப்பினர். பதினெட்டு வருஷமாக நான்காம் பரிசு.

"பயந்துக்காதே கண்ணு," என்றாள். "என் புருஷன் செத்த வாரம் நான் சந்தா கட்டப் போனேன். இவ சாவுக்குச் சான்று கேட்டா. குடுத்தேன். முயலோடதையும் சேர்த்துக் கேட்டா. அது உயிரோட இருக்குன்னேன். அதுக்குச் சான்று கேட்டா."

*

பத்து மணிக்குத் தலைவர் மேஜர் லம் பேசினார். ஒவ்வொரு வருஷமும் பேசுவதுதான். நாங்கள் ஒவ்வொரு வருஷமும் கைதட்டுவோம்.

"நண்பர்களே! ஐம்பத்திரண்டு வருஷமா இந்தச் சங்கம் ஒரு விதியையும் வளைச்சதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூணு நினைவிருக்கும். ஐந்து மாசத்துக்கு உட்பட்ட குட்டிகள் பிரிவு நடந்துகிட்டிருக்கும்போது கூரை தீப்பிடிச்சுது. தீயணைப்புக்காரங்க வந்தாங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொன்னோம். நின்னாங்க. பரிசு அறிவிச்சோம். கூரை போச்சு. விதி நின்னுது."

கைதட்டினோம்.

"சில பேர் கேக்கறாங்க, முயலுக்கு இதெல்லாம் பிடிக்குமான்னு. நான் நாப்பது வருஷமா முயல் வளர்க்கறேன். ஒரு முயலும் என்கிட்ட புகார் சொன்னதில்லை. ஏன்? புகாருக்கு நம்மகிட்ட படிவம் உண்டு. ஒரு முயலும் அதை நிரப்பினதில்லை."

மறுபடி கைதட்டினோம். ஆர்னால்டும் தட்டினான். அவன் கைதட்டல் பலமாக இருந்ததால் மிஸ் டென்பி திரும்பிப் பார்த்தார்.

பிறகு கயிறு கட்டினார்கள். முயல் கொண்டுவந்தவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பேசக் கூடாது. எது யாருடைய முயல் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு வருஷம் முன்னால் கயிற்றுக்குப் பின்னால் ஒருவர் இருமினார். இருமலில் குறிப்பு இருந்ததாகச் சங்கம் கருதியது. அவர் இப்போது புறா வளர்க்கிறார்.

வளர்ந்த வெள்ளை முயல்கள் பிரிவு. மொத்தம் பதினொன்று.

நடுவர் மிஸ்டர் கத்பர்ட் ஓல்ட்ராய்ட். எழுபத்தொன்பது வயது. அங்கோராவைப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அங்கோராவைக் கையால் பிரித்துப் பார்க்க முடியாது; இழை கலைந்துவிடும். ஊத வேண்டும். நடுவர் குனிந்து ஊதினால் கம்பளி ரோஜா மாதிரி வட்டமாக விரியும். நடுவில் காசளவு தோல் தெரியும். தோல் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறதோ அவ்வளவு அடர்த்தி. விதி முப்பத்தொன்று: கம்பளியை நடுவரின் மூச்சு மட்டுமே திறக்கும், கை திறக்காது, கருவி திறக்காது.

மிஸ்டர் ஓல்ட்ராய்ட் ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு முதல் முயல்மேல் குனிந்தார். ஊதினார்.

ஓர் இழைகூட அசையவில்லை.

மறுபடி ஊதினார். முயல் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவது முறை ஊதியபோது அவர் முகம் பீட்ரூட் நிறமானது. நாற்காலி கொண்டுவந்தார்கள்.

"நெஞ்சு," என்றார் மிஸ்டர் ஓல்ட்ராய்ட். "உள்ள போகுது. வெளிய வரமாட்டேங்குது."

"முடி உலர்த்தற மெஷின் என் பையில இருக்கு," என்றாள் கிளாரிஸ்.

கூடத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். மிஸ் டென்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிசஸ் ஹேக்! குழந்தைங்க இருக்கற எடம்."

குழந்தைகள் யாரும் இல்லை. உறுப்பினர்களின் சராசரி வயது அறுபத்தெட்டு.

*

செயற்குழு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்தது. மேஜர் லம் தீர்மானத்தைப் படித்தார்.

"நடுவரின் மூச்சு நடுவரின் உடல் உறுப்பு அல்ல. அது அவருடைய உடைமை. உடைமையை அவர் இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கலாம். ஒப்படைக்கப்பட்டவர் ஊதினா, ஊதினது நடுவர்."

"யார்கிட்ட ஒப்படைக்கறது?" என்று கேட்டார் மிஸ்டர் ஓல்ட்ராய்ட் நாற்காலியிலிருந்து.

"போட்டி வைப்போம்," என்றார் மேஜர்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் மேசைப்பந்து ஒன்று அலமாரியில் இருந்தது. நீள மேசையின் ஓரத்தில் வைத்து ஒவ்வொருவரும் ஒருமுறை ஊதினோம். மேஜர் எட்டு அங்குலம். கிளாரிஸ் இரண்டடி. மிஸ் டென்பி ஊதியபோது பந்து அவர் பக்கமாகவே வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆர்னால்ட் கடைசி. பந்து மேசையைத் தாண்டியது. தேநீர் மேசையைத் தாண்டியது. சுவர்க் கடிகாரத்தில் பட்டது. கடிகாரம் நின்றது.

"தொழில் என்ன?" என்றார் மேஜர்.

"ட்யூபா."

செயற்குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"என்னால முடியாதுங்க," என்றான் ஆர்னால்ட். "அந்தப் பதினொண்ணுல என் முயலும் இருக்கு."

மிஸ் டென்பி படிவத்தை எடுத்துப் பார்த்தார். "உங்க முயல் இல்ல. உங்க மனைவி முயல். நீங்க வெறும் கொண்டுவருபவர். கொண்டுவந்தாச்சு. இப்ப நீங்க யாருமில்ல."

"சட்டப்படி பார்த்தா ரொம்பப் பொருத்தமான ஆளு," என்றார் மேஜர்.

உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். ஆர்னால்ட் வலது கையை விதிப்புத்தகத்தின் மேல் வைத்துச் சொன்னான்: "இன்று மாலை நான்கு மணி வரை என் மூச்சு மிஸ்டர் ஓல்ட்ராய்டின் மூச்சு. அதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை."

பிறகு கேட்டான்: "அப்ப நான் எதை வச்சு மூச்சு விடறது?"

"மேசையை விட்டுத் தள்ளிப் போய் விடுங்க," என்றார் மிஸ் டென்பி. "அங்க நீங்க நீங்கதான்."

மிஸ்டர் ஓல்ட்ராய்டின் மூச்சு முப்பது வருஷமாகப் பெப்பர்மின்ட் வாசனையோடு இருந்ததால், ஆர்னால்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாசனை மாறினால் மூச்சு மாறியதாக யாராவது மேல்முறையீடு செய்யலாம்.

*

முதல் ஆறு முயல்கள் நன்றாகவே போயின. ஆர்னால்ட் குனிந்து, ட்யூபாவில் மிக மெல்லிய சுரம் எடுப்பதுபோல ஊதினான். கம்பளி ரோஜாவாக விரிந்தது. மிஸ்டர் ஓல்ட்ராய்ட் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "அழகு," என்றார். முயலைச் சொன்னாரா, தன் மூச்சைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஏழாவது முயல் வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஆர்னால்டுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. குனிந்தான். முயல் அவனைப் பார்த்தது. மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

அந்த முதுகை அவனுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக ட்யூபாவை உறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் பார்த்த முதுகு.

அவன் வாய் குவிந்தது. காற்று வரவில்லை.

"ஊதுங்க," என்றார் மிஸ்டர் ஓல்ட்ராய்ட்.

ஆர்னால்ட் கொஞ்சம் ஊதினான். குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுவது போல.

"என்னய்யா இது? என் மூச்சா இது? என்னை அவமானப்படுத்தாதேப்பா."

"குறிச்சுக்கறேன்," என்றார் மிஸ் டென்பி. "மத்த ஆறுக்கும் முழு மூச்சு. ஏழுக்கு அரை மூச்சு. விதி முப்பத்து மூணு: தோல் தெரியாத முயல் நீக்கப்படும்."

"நீக்கினா சான்றிதழ்?"

"முயலே இல்லேங்கறேன். நீங்க சான்றிதழைக் கேக்கறீங்க."

கயிற்றுக்குப் பின்னால் கிளாரிஸ் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டிருந்தாள். பேச அனுமதியில்லை.

ஆர்னால்ட் கட்டிலில் கிடக்கும் ஹில்டாவை நினைத்தான். மூச்சு விடாதே என்றாள். சான்றிதழ் இல்லாமல் வராதே என்றும் சொன்னாள். இரண்டில் எது பெரியது என்று சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே மூச்சை உள்ளே இழுத்தான். யோசனை நீண்டது. மூச்சும் நீண்டது. யோசனை முடிவதற்குள் நெஞ்சில் இடமில்லாமல் போயிற்று.

ஊதினான்.

கோட்டுக் கையில் காலையில் ஒட்டிய அந்த ஓர் இழையின் பொருள் இதுதான்: பிஷப்பின் கம்பளி வேரை விட்டுவிட்டது. உதிர நாள் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்னால்ட் நாள் குறித்துவிட்டான்.

கம்பளி மொத்தமாக எழுந்தது. ஒரு மேகம் கூடத்தின் நடுவே ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. மேஜரின் மீசையில், தேநீர்க் கோப்பைகளில், வெள்ளரிக்காய் ரொட்டிகளில், இருபத்தோரு வருஷமாக இன்னும் கட்டி முடிக்காத புதுக் கூரையின் சட்டங்களில்.

"யாரும் அசையக் கூடாது!" என்று கத்தினார் மிஸ் டென்பி. "பரிசீலனையில இருக்கற பொருள்!"

பலகையில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. சின்ன முயல். அதற்குத் தலையும் காதும் நான்கு கால்களும் இருந்தன. பின்னங்காலைத் தூக்கி, வருஷத்தில் முதல் முறையாகக் காதைச் சொறிந்தது. சொறிந்து முடித்ததும் இன்னொரு காதையும் சொறிந்தது.

நாங்கள் எல்லாவற்றையும் பொறுக்கினோம். மேஜரின் மீசையிலிருந்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பொறுக்கியதை மேசை விரிப்பில் குவித்துப் பலகையில் வைத்தோம். மிஸ்டர் ஓல்ட்ராய்ட் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"நாப்பத்தோரு வருஷமாக் கம்பளி பார்க்கறேன். எப்பவும் நடுவுல ஒரு முயல் இருக்கும். நெளியும். தும்மும். இன்னிக்குத்தான் கம்பளியை மட்டும் பார்த்தேன். மிச்ச நாலையும் பார்க்கவே வேண்டாம். இதுக்குத்தான் முதல் பரிசு."

"முயல்?" என்றான் ஆர்னால்ட்.

"எந்த முயல்?"

"கம்பளி இல்லாத முயல் அங்கோராப் பிரிவுல வர முடியாது," என்றார் மிஸ் டென்பி. "அது நீக்கம். ஆனா ஒரு சிக்கல். சான்றிதழ் தரணும்னா விதி பன்னெண்டுப்படி பின்னங்கால்ல வளையம் இருக்கணும். கம்பளிக்குக் கால் இல்ல."

"அடுத்து அதுக்குக் கேரட் போடச் சொல்லுவாங்க," என்றாள் கிளாரிஸ். கயிற்றை அப்போது அவிழ்த்திருந்தார்கள்.

செயற்குழு மறுபடி சமையலறைக்குள் போனது. இம்முறை இருபது நிமிஷம். தீர்மானம்: நீக்கப்பட்ட முயலின் வளையம் நீக்கப்பட்ட முயலோடு போகும். கம்பளிக்கு அதே எண்ணில் நகல் வளையம் ஒன்று தபாலில் வரும். அடுத்த மாதப் போட்டிக்குள் கம்பளி, பின்னங்காலில் வளையத்தோடு நேரில் வந்தால் சான்றிதழ் தரப்படும். வராவிட்டால் தரப்படாது.

*

ஆர்னால்ட் கதவைத் தட்டவில்லை. ஜன்னலைத் தட்டினான்.

"யாரு ஜெயிச்சா?" என்றாள் ஹில்டா உள்ளேயிருந்து.

"பிஷப்."

"அப்பறம் ஏன்யா ஜன்னல்ல நிக்கற?"

"பிஷப்போட கம்பளி ஜெயிச்சுது. பிஷப்பை நீக்கிட்டாங்க."

மூட்டையைக் காட்டினான். பெட்டியைத் திறந்து முயலைக் காட்டினான். ஹில்டா மூட்டையைப் பார்த்தாள். முயலைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"மூச்சு விட்டியா?"

"அது என் மூச்சு இல்ல கண்ணு. நாலு மணி வரைக்கும் மிஸ்டர் ஓல்ட்ராய்டோட மூச்சு."

ஹில்டா நான்கு நாள் அவனோடு பேசவில்லை. வியாழக்கிழமை நகல் வளையமும் கடிதமும் வந்தன. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். தன் காலைப் பார்த்தாள். மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரல்களும் குளிரில் நீலமாக இருந்தன.

"ராட்டையைக் கொண்டா," என்றாள்.

*

நவம்பர் போட்டிக்கு ஹில்டா ஊன்றுகோலில் வந்தாள். இடது காலில், மாவுக்கட்டின் மேல், முழங்கால் வரைக்கும் ஒரு வெள்ளைக் காலுறை. ஆளைவிட அது முதலில் உள்ளே வந்தது. கணுக்காலில் வளையம் தைக்கப்பட்டிருந்தது.

மிஸ் டென்பி எழுந்து நின்றார்.

"கம்பளியோட நிலை மாறியிருக்கு."

"விதி நாப்பத்து நாலு," என்றாள் ஹில்டா. "போட்டிக்கு முன்னால கம்பளியை அலங்காரம் பண்ணலாம்."

மேஜர் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது.

அடுத்த சிக்கல் கயிறு. போட்டிப்பொருள் மேசைமேல் இருக்க வேண்டும். உரிமையாளர் கயிற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஹில்டாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலை மேசைமேல் தூக்கி வைத்து, கயிற்றை அவள் முழங்காலுக்கு மேலாக இழுத்துக் கட்டினார்கள். முழங்காலுக்கு மேலே ஹில்டா உரிமையாளர். கீழே பிஷப்.

மிஸ்டர் ஓல்ட்ராய்ட் மூச்சுக்கு ஆள் அனுப்பினார். ஆர்னால்ட் பெப்பர்மின்ட்டோடு வந்தான். குனிந்தான். ஹில்டாவால் பேச முடியாது; புருவத்தால் பேசினாள். அவன் மெல்ல ஊதினான். காலுறையில் ஒரு ரோஜா விரிந்தது.

"தோலே தெரியல," என்றார் மிஸ்டர் ஓல்ட்ராய்ட். "மாவு மாதிரி வெள்ளையா ஏதோ தெரியுது. என்ன அடர்த்தி!"

மிஸ் டென்பி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "வளையம், இருக்கிறது. எண், சரி. கால், இருக்கிறது." பேனா நின்றது. நிமிர்ந்தார். "இது பின்னங்கால்தானா?"

மேஜர் புத்தகத்தைத் திறந்தார். அதில் விடை இல்லை. உரிமையாளர் பேசக் கூடாது. ஹில்டாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. செயற்குழு சமையலறையைப் பார்த்தது.

ஆர்னால்ட் பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"கொண்டுவருபவர் பேசலாமா?"

மிஸ் டென்பி தேடினார். "தடை இல்ல."

"அவளுக்கு இருக்கறதே ரெண்டு. ரெண்டும் பின்னங்கால்தான்."

மேஜர் மிஸ் டென்பியைப் பார்த்தார். மிஸ் டென்பி ஹில்டாவின் கைகளைப் பார்த்தார். பிறகு கால்களை. மனத்துக்குள் எண்ணியதாகத் தெரிகிறது.

"பின், இடது," என்று எழுதினார்.

காலுறைக்குள் ஹில்டாவின் விரல்கள் ஆடின. மிஸ்டர் ஓல்ட்ராய்ட் அதையும் குறித்துக்கொண்டார்: சுறுசுறுப்பு, நன்று. சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கிளாரிஸ் விசிலடித்தாள். அவளுக்கு அன்றும் நான்காம் பரிசு.

சங்கம் அன்றே விதி நூற்றுப் பதினைந்தை நிறைவேற்றியது: சாம்பியனைத் துவைக்கக் கூடாது.

விதி தபாலில் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. ஹில்டா திங்கட்கிழமையே வெந்நீரில் துவைத்துவிட்டாள். காலுறை சுருங்கி, தடித்து, ஒரு சாண் உயரத்துக்கு வந்தது. இப்போது சக்டன் வீட்டில் தேநீர் ஆறாமல் இருக்கக் கெண்டிக்குப் போடும் போர்வை அதுதான். வளையம் மூக்குப் பக்கம் இருக்கிறது. பிஷப் மேசைக்கடியில் முட்டைக்கோஸ் தின்கிறது. ஹில்டா அதன் கம்பளியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுகிறாள். ஆர்னால்ட் அதைத் தொடலாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் மிஸ் டென்பி எல்லாச் சாம்பியன்களுக்கும் ஒரு படிவம் அனுப்புவார். அதில் ஒரே கேள்வி: சாம்பியன் எப்படி இருக்கிறது?

ஆர்னால்ட் கெண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுவான்: சூடாக இருக்கிறது.